லினக்ஸில் விளையாட்டு வந்த வரலாறு



விண்டோஸை விட்டு வேறோர் இயங்குதளத்துக்கு மாறலாமா என்று எண்ணும் இளைஞர், கடிதம் எழுத முடியுமா, கணக்குப் போட முடியுமா என்று கேட்பதில்லை. அவை எங்கும் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். "என் விளையாட்டுகள் அதில் ஓடுமா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. பெரியவர்கள் இதனைக் கேட்டுப் புன்னகை புரிவதுண்டு. சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிடுவாரும் உளர். ஆயினும், கணினி வரலாற்றில் கடந்த முப்பது ஆண்டுகளை ஊன்றி நோக்குவார்க்கு, மக்கள் ஓர் இயங்குதளத்தைப் பற்றிக்கொண்டு ஏன் அகல இயலாதவராயினர் என்பதை விளக்குவதற்கு இக்கேள்வியே போதும்.

2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் பணியை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, 2021இல் வெளிவந்தது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், ஓரளவு புதிய செயலியும் உள்ள கணினிகளையே அது முறையாக ஏற்றுக்கொள்ளும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கணினிகள் இந்த விதியால் வாசலுக்கு வெளியே நின்றன. புதுக் கணினி வாங்குவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்னும் பேச்சு அப்போது பல இல்லங்களில் எழுந்தது. இக்கேள்வி பத்தாண்டுகளுக்கு முன் எழுந்திருந்தால், விளையாடுபவருக்கு லினக்ஸ் ஒரு விடையாகவே இருந்திராது. இன்று அது பெரும்பாலும் விடையாகிறது. இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், ஒரு கணினியில் ஓடும் விளையாட்டு மற்றொன்றில் ஏன் ஓடுவதில்லை என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். விளையாட்டு என்பதை ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவாக எண்ணிக்கொள்ளுங்கள். இயங்குதளம் என்பது அந்த ஊரில் உள்ள கொட்டகை. நடிகர் ஆடுவார், பாடுவார். ஆனால் திரையை இழுப்பதும், விளக்கை ஏற்றுவதும், மத்தளத்தை ஒலிக்கச் செய்வதும் கொட்டகைப் பணியாளரின் வேலை. "விளக்கைச் சிவப்பாக்கு" என்று குழு குரல் கொடுத்தால் அவர்கள் செய்வார்கள். அந்தக் குரல் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். விண்டோஸ் கொட்டகையில் ஒரு மொழி. லினக்ஸ் கொட்டகையில் வேறொரு மொழி. விளக்கும் மத்தளமும் இரண்டிலும் ஒன்றே. அதாவது செயலியும், கிராபிக்ஸ் கார்டும், ஒலிக்கருவியும் ஒன்றே. மொழி ஒன்றுதான் வேறு. ஒரு விளையாட்டு லினக்ஸில் ஓடாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவே.

அந்த மொழி பிறந்த கதையும் சுவையானதே. 1990களின் தொடக்கத்தில் விளையாட்டுகள் விண்டோஸில் ஓடவில்லை; எம்.எஸ்.டாஸ் என்னும் பழைய தளத்தில் ஓடின. டாஸ் கொட்டகையில் பணியாளர் என்று சொல்லத்தக்கவர் மிகச் சிலர். விளையாட்டே நேராகச் சென்று விளக்கையும் மத்தளத்தையும் தொட்டு இயக்கிக்கொள்ளும். இதனால் வேகம் கிடைத்தது. ஆனால், சந்தையில் இருந்த ஒவ்வோர் ஒலி அட்டைக்கும், ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் விளையாட்டை எழுதுபவரே தனித்தனியே வழி செய்ய வேண்டியிருந்தது. விளையாட்டை வாங்கியவர், தம் ஒலி அட்டை எந்த எண்ணில் பொருத்தப்பட்டுள்ளது என்று தேடித் தேடி நிரப்புவதிலேயே ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பார். 1993ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்து உலகையே ஆட்கொண்ட 'டூம்' என்னும் விளையாட்டும் டாஸில் பிறந்ததே.

விண்டோஸில் விளையாட்டு மெதுவாக ஓடும் என்று நிரலாளர் அதனை நம்ப மறுத்தனர். 1994ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்களுடைய அச்சத்தை உறுதிசெய்வது போன்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. டிஸ்னி நிறுவனம் 'லயன் கிங்' விளையாட்டை விண்டோஸுக்கென வெளியிட்டது. காம்பாக் நிறுவனத்தின் பிரசாரியோ என்னும் புதுக் கணினிகள் அந்தப் பண்டிகைக்குப் பல வீடுகளில் பரிசாக வந்திறங்கியிருந்தன. அக்கணினிகளில் இருந்த திரைக்கான இயக்கி நிரலும் இந்த விளையாட்டும் ஒத்துப்போகவில்லை. பரிசைப் பிரித்து ஆவலோடு அமர்ந்த குழந்தைகளின் கண்முன்னே கணினி நின்றுபோயிற்று. பெற்றோரின் சினத்துக்கு நிறுவனங்கள் விடை சொல்ல வேண்டியதாயிற்று.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரேக் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ராம் என்னும் மூவர் இதற்குத் தீர்வு காண முனைந்தனர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. அதே ஆண்டின் செப்டம்பர் இறுதியில் அவர்கள் ஆக்கிய டைரக்ட்எக்ஸ் வந்தது. கிராபிக்ஸ் கார்டு எந்த நிறுவனத்ததாயினும், ஒலி அட்டை எவ்வகையதாயினும், விளையாட்டு இனி ஒரே மொழியில் கேட்டால் போதும். எஞ்சியதை விண்டோஸும் அட்டையுடன் வரும் இயக்கி நிரலும் பார்த்துக்கொள்ளும். டூம் விளையாட்டையே விண்டோஸுக்குக் கொண்டுவரும் பணியும் மைக்ரோசாப்ட்டில் நடந்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர் கேப் நியூவெல் என்பவர். நிறுவனத்தின் தலைவரான பில் கேட்ஸே துப்பாக்கி ஏந்தி அந்த விளையாட்டுக்குள் தோன்றி விளம்பரப் படத்தில் நடித்தார். நியூவெல் என்னும் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் சந்திப்போம்.

டைரக்ட்எக்ஸை ஒரு சூழ்ச்சி என்று மட்டும் கூறுவார் கூற்று எனக்கு உடன்பாடன்று. அது ஓர் உண்மையான துன்பத்தைத் தீர்த்தது. நிரலாளரும் வாங்குவோரும் அதனால் பயனுற்றனர். ஆனால் அந்த மொழி மைக்ரோசாப்ட்டின் தனியுடைமை. எந்தக் கொட்டகையிலும் பேசத்தக்க பொதுமொழி ஒன்று, ஓபன்ஜிஎல் என்னும் பெயரில், 1992ஆம் ஆண்டிலேயே சிலிகான் கிராபிக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டிருந்தது. டூமை எழுதிய ஜான் கார்மாக் அப்பொதுமொழியின் பக்கம் நின்று வாதாடினார். எனினும், ஆண்டுகள் செல்லச் செல்ல, பெருவாரியான விளையாட்டுகள் டைரக்ட்எக்ஸ் மொழியிலேயே எழுதப்பட்டன. விளையாட்டுகள் அங்கே இருந்தமையால் விளையாடுவோர் அங்கே சென்றனர். விளையாடுவோர் அங்கே இருந்தமையால் விளையாட்டுகள் அங்கேயே எழுதப்பட்டன. செக்கைச் சுற்றும் மாட்டைப் போல இது சுழன்றது.

இனி லினக்ஸுக்கு வருவோம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர்ந்தன. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் கொள்கை அதற்கு உயிர். அறிவியற்கூடங்களிலும், இணையப் பணியகங்களிலும், பின்னர்க் கைப்பேசியில் ஆண்ட்ராய்டாகவும் அது பரவியது. மேசைக் கணினியில் மட்டும் அதன் கால் ஊன்றவில்லை. டேவ் டெய்லர் என்னும் நிரலாளர் 1994இல் டூமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் ஒரு மாம்பழத்தால் தோப்பு ஆகிவிடுமா?

ஆகவே லினக்ஸை விரும்பியோர் நெடுங்காலம் இரட்டைக் குடித்தனம் நடத்தினர். ஒரே வன்தட்டை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியில் லினக்ஸும் மறு பகுதியில் விண்டோஸும் நிறுவிக்கொள்வர். படிப்பும் பணியும் லினக்ஸில். விளையாட வேண்டுமென்றால் கணினியை அணைத்து மறுபடியும் எழுப்பி விண்டோஸுக்குள் நுழைவர். நம் நாட்டிலும் இக்காட்சி உண்டு. 2011இல் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் அருகருகே இருந்தன. பாடம் முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மாணவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை ஆசிரியர்களாகிய எங்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரட்டைக் குடித்தனத்தில் ஓர் இடர் என்னவெனில், ஒருமுறை விண்டோஸுக்குள் சென்றவர் அங்கேயே மின்னஞ்சலையும் பார்த்து, பாட்டையும் கேட்டு, நாளடைவில் திரும்பி வராமலே போய்விடுவார்.

இத்தடையை உடைக்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு விளையாட்டையும் லினக்ஸ் மொழியில் திருப்பி எழுதுவது. மற்றொன்று, இரு மொழிக்கும் நடுவே ஒரு துபாஷியை நிறுத்துவது. புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்ததை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்க வேண்டியதில்லை. வணிகர் பிரெஞ்சு கற்க வேண்டியதில்லை. நடுவே துபாஷி நின்றால் வாணிகம் நடக்கும்.

முதல் வழியில் துணிந்து சென்றது லோக்கி என்னும் அமெரிக்க நிறுவனம். ஸ்காட் டிரேக்கர் என்பார் 1998இல் அதனை நிறுவினார். 1999இல் 'சிவிலிசேஷன்: கால் டு பவர்' என்னும் விளையாட்டை லினக்ஸுக்கு மாற்றி வெளியிட்டது, பின்னும் பல விளையாட்டுகளை மாற்றியது. வேலைத் திறத்தில் குறைவில்லை. ஆயினும், விண்டோஸ் பதிப்பு வந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே லினக்ஸ் பதிப்பு கடைக்கு வரும். இரட்டைக் குடித்தனக்காரரோ விண்டோஸ் பதிப்பை முன்பே வாங்கி, ஆடி முடித்து, அடுத்த விளையாட்டுக்குப் போயிருப்பார். அதே பண்டத்துக்கு இரண்டாம் முறை காசு கொடுப்பவர் எத்தனை பேர்? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் லோக்கி நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2002 ஜனவரியில் கதவடைத்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சாம் லாண்டிங்கா என்பவர் ஆக்கிய எஸ்.டி.எல். என்னும் நிரல் தொகுதி மட்டும் நிலைத்து நின்றது. விளையாட்டு எழுதுவோர் பலர் இன்றளவும் அதனைக் கையாளுகின்றனர்.

இரண்டாம் வழியின் பெயர் வைன். 1993இல் அது தொடங்கிற்று. பாப் ஆம்ஸ்டாட் முதலில் ஒருங்கிணைத்தார். அடுத்த ஆண்டே அலெக்சாந்தர் ஜூலியார் பொறுப்பேற்றார். வைன், ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியைப் பொய்யாக நிறுத்திக் காட்டும் வித்தை அன்று. அது வெறும் போலி செய்யும் நிரல் அன்று என்பதையே அதன் பெயரின் விரிவும் சொல்கிறது. விண்டோஸ் விளையாட்டு ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும்போது, அதே பெயருடைய பணியாளாக வைன் வந்து நிற்கும். கேட்டதை லினக்ஸ் மொழியில் கேட்டு வாங்கித் தரும். விளையாட்டுக்கு வேறுபாடு தெரியாது. விண்டோஸ் கொட்டகையில் ஆடுகிறோம் என்றே அது எண்ணிக்கொள்ளும்.

சொல்வது எளிது, செய்வதோ மலையைக் குடைவது போன்றது. அத்தகைய அழைப்புப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மைக்ரோசாப்ட் தன் மூலநிரலைக் காட்டாது. அதனைக் கள்ளத்தனமாகப் பார்த்து எழுதினால் வழக்கு வரும். ஆகவே மைக்ரோசாப்ட்டின் மூலநிரலைக் கண்டவர் எவருடைய பங்களிப்பையும் ஏற்பதில்லை என்று வைன் குழுவினர் விதி வகுத்துக்கொண்டனர். கதவுக்கு வெளியே நின்றே ஆராய்ந்தனர். "இன்ன கேள்வி கேட்டால் விண்டோஸ் என்ன விடை தருகிறது?" என்று சிறு சோதனை நிரல்களை எழுதி, விடையைக் குறித்துக்கொண்டு, அதே விடையைத் தருமாறு தம் நிரலை அமைத்தனர். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. விண்டோஸ் ஓரிடத்தில் தவறான விடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தவறை நம்பி எழுதப்பட்ட விளையாட்டும் இருக்கும். ஆதலின் வைனும் அதே தவறைச் செய்தாக வேண்டும்! மாணவன் பக்கத்துப் பலகையைப் பார்த்துப் பிழையோடு எழுதினால் வகுப்பில் தண்டனை. இங்கோ பிழை இல்லாமல் எழுதினால் ஆட்டம் நின்றுவிடும்.

வைனின் முதற் பதிப்பு என்று முறையாக எண்ணிட்டது 2008ஆம் ஆண்டு ஜூன் 17இல். பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பின்னரே 1.0 என்று எழுத அவர்கள் மனம் ஒப்பினர். இடையில் ஓர் உரிமைப் பூசலும் நேர்ந்தது. டிரான்ஸ்கேமிங் என்னும் கனடிய நிறுவனம் வைனின் நிரலை எடுத்து, விளையாட்டுக்கு வேண்டிய பகுதிகளைச் சேர்த்து விற்றது. சேர்த்தவற்றில் பலவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றைய உரிமம் அதற்கு இடம் தந்தது. 2002ஆம் ஆண்டில் வைன் குழுவினர் உரிமத்தை மாற்றி, திருத்தி வெளியிடுவோர் திருத்தத்தையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று விதித்தனர். பின்னாளில் நேர்ந்த பெருமாற்றம் முழுதும் பொதுச்சொத்தாய் நின்றமைக்கு இந்த முடிவு பெரிதும் உதவியது என்பது என் கருத்து. கோடுவீவர்ஸ் என்னும் நிறுவனம் ஜூலியாரையும் வேறு சிலரையும் ஊதியத்துக்கு அமர்த்தி, பணி நின்றுபோகாமல் காத்து வந்தது.

இப்போது கேப் நியூவெலை மீண்டும் காண்போம். மைக்ரோசாப்ட்டில் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1996இல் வெளியேறி, மைக் ஹாரிங்டனுடன் வால்வ் என்னும் விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் ஸ்டீம் என்னும் கடையை இணையத்தில் திறந்தது. பெட்டியும் குறுந்தகடும் இன்றி விளையாட்டை வாங்கி இறக்கிக்கொள்ளும் இக்கடை, பத்தாண்டுக்குள் கணினி விளையாட்டு வாணிகத்தின் பெருவாசலாயிற்று. ஆனால் கடை முழுதும் மைக்ரோசாப்ட்டின் நிலத்தில் கட்டப்பட்டிருந்தது.

2012இல் அந்த நிலக்கிழார் தாமே ஒரு கடை திறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8இல் மைக்ரோசாப்ட்டின் சொந்தக் கடை இடம்பெற்றது. அதற்குச் சில திங்கள் முன்னரே நியூவெல், விண்டோஸ் 8 கணினித் தொழிலில் உள்ளார் அனைவருக்கும் பேரழிவு என்னும் பொருள்படப் பேசினார். லினக்ஸை ஒரு காப்பாகக் கொள்ளப்போவதாகவும் கூறினார். கைப்பேசி உலகில் நடப்பது போல, உரிமையாளர் கடையில் அன்றி வேறெங்கும் வாங்கலாகாது என்று ஒருநாள் விண்டோஸிலும் விதி வந்தால் தம் தொழில் என்னாகும் என்பதே அவர் அச்சம். அவர் அறத்துக்காகப் போராடினார் என்று நான் சொல்ல மாட்டேன். வணிகர் தம் கடையைக் காத்துக்கொள்ள முனைந்தார். வரலாற்றில் பொதுநன்மை பல வேளைகளில் இவ்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

2013ஆம் ஆண்டு பிப்ரவரி 14இல் லினக்ஸுக்கான ஸ்டீம் வெளிவந்தது. 2015 நவம்பரில், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் உடன் ஸ்டீம் மெஷின் என்னும் விளையாட்டுப் பெட்டிகள் பல நிறுவனங்களின் பெயரால் விற்பனைக்கு வந்தன. அவை விலைபோகவில்லை. காரணம் என்ன? வால்வும் அப்போது லோக்கி சென்ற பாதையிலேயே சென்றது. "எங்கள் கொட்டகை மொழியில் உங்கள் நாடகத்தைத் திருப்பி எழுதுங்கள்" என்று விளையாட்டு நிறுவனங்களை வேண்டியது. சிலர் இசைந்தனர், பெருநிறுவனங்கள் பல காது கொடுக்கவில்லை. ஆட்கள் குறைந்த ஊருக்கு நாடகத்தை மாற்றி எழுதிக் கொண்டுபோவார் யார்?

இரண்டு தோல்விகளுக்குப் பின் வால்வ் துபாஷியிடம் வந்தது. காலமும் கனிந்திருந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் க்ரோனோஸ் என்னும் கூட்டமைப்பு வல்கன் என்ற புதிய பொதுமொழியை வெளியிட்டது. ஓபன்ஜிஎல்லைக் காட்டிலும் கிராபிக்ஸ் கார்டோடு நெருக்கமாகப் பேசவல்லது அது. பிலிப் ரெபோலே என்னும் நிரலாளர், 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பினார்; ஓடவில்லை. அதனை ஓடச் செய்வதற்காக, டைரக்ட்எக்ஸின் வரைகலை மொழியை வல்கனாக மாற்றும் டி.எக்ஸ்.வி.கே. என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். ஒரு விளையாட்டின் மேல் ஒருவர் கொண்ட ஆசை, இருபது ஆண்டு முடிச்சின் நடுக்கயிற்றை அவிழ்த்தது. வால்வ் அவருக்கு ஊதியம் தந்து பணியைத் தொடரச் செய்தது.

வைனையும், டி.எக்ஸ்.வி.கே.யையும், கோடுவீவர்ஸ் குழுவின் உழைப்பையும் ஒன்றாகக் கட்டி, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் புரோட்டான் என்னும் பெயரால் ஸ்டீம் கடைக்குள்ளேயே வால்வ் வைத்தது. முதல்நாள் உறுதியளிக்கப்பட்ட விளையாட்டுகள் 27 மட்டுமே. மற்றவற்றையும் விரும்பினால் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு பொத்தானை வைத்திருந்தனர். மக்கள் அப்பொத்தானை அழுத்தினர். எந்த விளையாட்டு ஓடுகிறது, எது தடுமாறுகிறது என்று ஆடுவோரே எழுதித் திரட்டிய புரோட்டான்டிபி என்னும் தளமும் அவ்வாண்டே எழுந்தது. முன்னெல்லாம் வைனில் ஒரு விளையாட்டை ஓட்டுவதற்குப் பக்கம் பக்கமாகக் கட்டளைகளைத் தட்ட வேண்டும். இப்போதோ விண்டோஸில் செய்வது போலவே, 'நிறுவு', 'விளையாடு' என்னும் இரண்டு அழுத்தங்களில் காரியம் முடிந்தது. விளையாட்டு நிறுவனத்தின் இசைவைக் கேட்டு நிற்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் நீங்கிற்று. செக்கு மாட்டின் சுற்று அங்கே அறுந்தது.

2022ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில், 399 டாலர் தொடக்க விலையில், ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினி வந்தது. கையில் ஏந்தி ஆடும் இக்கருவிக்குள் இருப்பது லினக்ஸே. வாங்கியவர் பலருக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதே வாரத்தில் 'எல்டன் ரிங்' என்னும் பெரிய விளையாட்டு வெளியாயிற்று. விண்டோஸ் கணினிகளில் அது இடையிடையே திக்கித் திக்கி ஓடியது. வால்வ் நிரலாளர் புரோட்டானில் ஒரு திருத்தம் செய்து அத்திக்கலைப் பெரிதும் தணித்தனர். மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தெளிவாக ஒலித்த விந்தை அது. எல்லா விளையாட்டிலும் இப்படி நிகழும் என்று எண்ணிவிடாதீர்கள். சிலவற்றில் லினக்ஸ் முந்தும், சிலவற்றில் பிந்தும். கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தும் மாறும்.

மொழித் தடை இவ்வாறு தளர்ந்தபின், வேறொரு தடை எஞ்சி நிற்கிறது. அது மொழியைப் பற்றியதன்று; நம்பிக்கையைப் பற்றியது.

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் போட்டிகளில் ஏமாற்றுவோர் உண்டு. சுவருக்கு அப்பால் இருக்கும் எதிரியைக் காட்டும் நிரலும், குறி தவறாது சுடும் நிரலும் காசுக்கு விற்கப்படுகின்றன. இவர்களைப் பிடிக்க விளையாட்டு நிறுவனங்கள் ஏமாற்றுத் தடுப்பு நிரல்களை வைக்கின்றன. அவற்றுள் சில, இயங்குதளத்தின் கெர்னல் என்னும் உள்ளறை வரை சென்று அமர்கின்றன. 2020இல் ரயட் நிறுவனம் 'வேலரண்ட்' விளையாட்டோடு கொண்டுவந்த வான்கார்ட் அத்தகையது. கணினி எழும்போதே அதுவும் எழுந்துவிடும். கெர்னல் என்பது கொட்டகையின் பூட்டிய அறை. அங்கே அமர்ந்திருப்பவன் அனைத்தையும் காண்பான். விண்டோஸின் உள்ளறைக்கென்று எழுதிய காவலனை லினக்ஸின் உள்ளறையில் துபாஷி கொண்டுபோய் அமர்த்த இயலாது. மேலும், லினக்ஸின் உள்ளறையை உரிமையாளரே திருத்தி அமைத்துக்கொள்ளலாம் அல்லவா? அத்தகைய இடத்தில் தம் காவலனை எவ்வாறு நம்புவது என்பது நிறுவனங்களின் வாதம்.

2021 செப்டம்பரில் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்னும் இரண்டு தடுப்பு நிரல்களும் புரோட்டானில் இயங்க வழி செய்தன. ஆனால் அவ்வழியைத் திறப்பதா வேண்டாவா என்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். சிலர் திறந்தனர். 'ஃபோர்ட்நைட்' நிறுவனம் திறக்கவில்லை. 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' திறந்து, பின்னர் 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஏமாற்றுவோர் லினக்ஸ் வழியே நுழைகின்றனர் என்று காரணம் காட்டி மூடிவிட்டது. நேர்மையாக ஆடிவந்தவர்கள் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டனர்.

இங்கே இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுக்க இயலாது. ஏமாற்றுக்காரர் நிறைந்த ஆட்டத்தை எவரும் விரும்பார். ஆனால் பூட்டிய அறையில் அயலாரை அமர்த்துவதன் விலையும் சிறிதன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திகைத்து நின்றன. அது விளையாட்டு நிரல் அன்று. ஆனால் அமர்ந்திருந்தது அதே உள்ளறையில். ஒரு பொழுதுபோக்கு விளையாட்டுக்காக அவ்வறையின் சாவியைக் கொடுப்பதா என்று ஒருவர் தயங்கினால், அவர் அச்சம் பொருளற்றது என்று நான் கூறத் துணியேன்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். துபாஷி திறமை மிக்கவராயிருப்பதால் நேர்ந்த விளைவு இது: லினக்ஸுக்கென்றே விளையாட்டை எழுத வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. புரோட்டான் பார்த்துக்கொள்ளும் என்று பல நிறுவனங்கள் விண்டோஸ் பதிப்பு ஒன்றையே வெளியிடுகின்றன. ஆகவே ஆட்டம் லினக்ஸில் நடந்தாலும், அதன் மூலமொழி இன்னும் மைக்ரோசாப்ட்டுடையதே. நாளை அம்மொழியில் புதுச்சொல் ஒன்று சேர்ந்தால், துபாஷி மறுபடியும் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும். இப்பணிக்குப் பொருள் தருபவர்களுள் முதன்மையானது வால்வ் என்னும் ஒரே நிறுவனம் என்பதும் எண்ணத்தக்கது. எனினும் எழுதப்பட்ட நிரலில் மிகப் பெரும்பகுதி பொதுவில் கிடக்கிறது. ஒருவர் கைவிட்டால் மற்றொருவர் எடுத்துக்கொள்ளலாம். லோக்கி மூடியபோது அதன் விளையாட்டுகளுக்கு இந்த நிலை இல்லை.

ஸ்டீம் கடையின் மாதக் கணக்கெடுப்பில் 2018இல் ஒரு சதவீதத்தை எட்டாதிருந்த லினக்ஸ் ஆட்டக்காரர் தொகை, 2025 அக்டோபரில் மூன்று சதவீதத்தைக் கடந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் லெனோவா நிறுவனத்தின் கைக்கருவி ஒன்றும் ஸ்டீம்ஓஎஸ் உடன் வெளிவந்தது. நவம்பரில் வால்வ், தோற்றுப்போன ஸ்டீம் மெஷின் என்னும் அதே பெயரால் புதுப்பெட்டி ஒன்றை அறிவித்தது. நூற்றுக்கு மூன்று என்பது சிறு தொகைதான். 

உங்களுள் எவரேனும் மாற எண்ணினால், நீங்கள் நாள்தோறும் ஆடும் விளையாட்டுகளின் பெயர்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று பிறர் எழுதியதைப் பாருங்கள். தனித்து ஆடுபவை பெரும்பாலும் இடர் தாரா. நண்பர்களோடு இணையத்தில் ஆடும் போட்டி ஒன்று அப்பட்டியலில் இருந்து, அதன் தடுப்பு நிரல் லினக்ஸை ஏற்காதாயின், விண்டோஸை அழித்துவிடாதீர்கள். பழைய இரட்டைக் குடித்தனத்தையே இன்னும் சில காலம் நடத்துங்கள். லினக்ஸை யூ.எஸ்.பி. குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒலியும் திரையும் கம்பியில்லா இணைப்பும் உங்கள் கணினியில் ஒழுங்காக வருகின்றனவா என்பதை வன்தட்டைத் தொடாமலே அறியலாம். நிறுவுவதற்கு முன், பாடக் குறிப்புகளை எடுத்து வைப்பது போலவே, விளையாட்டில் எட்டிய நிலைகளின் கோப்புகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விளையாட்டுகளும் அவற்றைத் தாமாகவே ஸ்டீம் கிடங்குக்கு அனுப்பி வைப்பதில்லை.